இடைவேளைக்குப் பின் விலை வேறு

ஹராரேயில், ம்பாரே சந்தைக்குப் பின்னால்
ஒரு பீர் மண்டபம். பீர் இல்லை. மண்டபம் இருந்தது.
வெள்ளிக்கிழமைகளில் நான் அங்கே சிரிக்கவைத்தேன்.

நுழைவுக் கட்டணத்தைச் சாக்பீஸால்தான் எழுதுவோம்.
வாசலில் நிற்கும் எனோக்
முதல் ஆள் உள்ளே போனதும் ஒரு பூஜ்யம் சேர்ப்பான்.
கடைசி ஆள் வரும்போது பலகை போதாமல்
சுவரில் எழுதிக்கொண்டிருப்பான்.
இது நகைச்சுவை அல்ல, கணக்கு.
அதை அப்படியே மேடையில் சொன்னேன்,
ஒருத்தி நாற்காலியோடு சாய்ந்துவிட்டாள்.

அந்த வருடம் என் தொழிலின் சங்கடமே அதுதான்:
புளுகுவதற்கு எதுவும் மிச்சமில்லை.
"நம் நாட்டில் பாலுக்குக் காலாவதித் தேதி இல்லை,
ஏனென்றால் பாலே இல்லை.
பணத்துக்கு உண்டு. முகர்ந்து பார்த்து வாங்குங்கள்."
நோட்டைத் தூக்கித் தேதியைக் காட்டுவேன்.
அச்சகத்தார் எழுதிய வரி,
கைதட்டல் எனக்கு.

மூன்றாம் வரிசையில் ஒரு பழுப்புக் கோட்டு,
அக்டோபர் வெயிலிலும் கழற்றாதவர்.
எல்லோரும் சிரித்து ஓய்ந்தபின்தான் சிரிப்பார்.
யார் யார் சிரித்தார்கள் என்று எண்ணி முடிக்க
அவ்வளவு நேரம் பிடிக்கும் போல.
ஒருநாள் ரொட்டி வரிசையில் அவரைப் பார்த்தேன்,
அவருக்கு முந்தைய ஆளோடு ரொட்டி தீர்ந்தது.
அந்த முகத்தை வைத்துப் பத்து நிமிடம் ஓட்டியிருக்கலாம்.
ஓட்டவில்லை.
பயமா, பரிவா?
இரண்டும் ஒரே சட்டைப்பையில் கிடந்து
ஒன்றின் வாடை இன்னொன்றில் ஏறிவிட்டது.

பிறகு அந்த இரவு.
பகலில் கிராமத்துப் பஸ்ஸிலிருந்து
கட்டுப்போட்ட கைகளாக இறங்கியிருந்தார்கள்.
என்ன சொன்னாலும் மண்டபம் ஈரவிறகு.
வியர்த்தது. கைவசம் ஒன்று வைத்திருந்தேன்,
எப்போதும் பற்றிக்கொள்வது:
மலாவியிலிருந்து சுரங்கத்துக்கு வந்தவன் பேச்சு.
அவன் நாக்குக்கு ரகரம் வராது.
"ஐயா, ஒலு லொட்டி, ஒலே ஒலு லொட்டி..."
கூரை அதிர்ந்தது.

எல்லாம் விலையேறிய ஊரில்
ஏறாமல் கிடந்தது இது ஒன்றுதான்,
நமக்குக் கீழே ஒருவனை நிறுத்திச் சிரிப்பது.
கையிருப்பும் தீரவே தீராது.

ஓரத்தில் துடைப்பத்தோடு கலிலாங்வே.
எல்லோருக்கும் முன்னால் அவன்தான் சிரித்தான்,
நான் வரியை முடிப்பதற்குள்,
நடத்துனர் கேட்குமுன்னே
சில்லறையை நீட்டுகிறவனைப் போல.

நாற்காலிகளை அடுக்கும்போது சொன்னான்,
"அந்த லகரம் எனக்கே வராது.
நான் இதே தெருவில் பிறந்தவன்."
பின்னே ஏன் சிரித்தாய்?
"சிரிக்காதவனைத்தானே எல்லோரும்
திரும்பிப் பார்ப்பார்கள்."
சொல்லிவிட்டு நான் நின்ற இடத்தைப் பெருக்கினான்.
காலை நகர்த்திக்கொள்ளச் சொன்னான்.

அடுத்த வெள்ளி ஒன்றும் நான் திருந்திவிடவில்லை.
அந்தத் துண்டை எடுத்துவிட்டேன், அவ்வளவுதான்.
நிகழ்ச்சி எட்டு நிமிடம் குறைந்தது,
பல் விழுந்த இடத்தில் நாக்கு போவதுபோல
திரும்பத் திரும்ப அங்கேயே போய் நின்றேன்.
பின்வரிசை தாளம் போட்டது: லொட்டி! லொட்டி!
கட்டணம் கட்டியவர்கள். பூஜ்யங்களோடு கட்டியவர்கள்.
எனக்குத் தொண்டை அடைத்தது. கடைசியில்,
"அது தீர்ந்துபோச்சு. விடியற்காலையிலேயே வந்து
வரிசையில் நின்றிருக்க வேண்டும்" என்றேன்.

பெரிய சிரிப்பில்லை. தூறல்.
ஆனால் அன்று பழுப்புக் கோட்டுதான்
முதலில் சிரித்தார்,
யாரையும் எண்ணாமல், தோள் குலுங்க.

அதற்கு என்ன அர்த்தம் என்று
அந்த இரவு முழுக்கத் தூங்காமல் யோசித்தேன்.
வாசலில் எனோக்
சுவரை அழித்துக்கொண்டிருந்தான்,
நாளைக்கு இடம் வேண்டுமே.